டீக்கடை பெஞ்சில் யார் உட்கார்ந்தார்கள்?

வெம்பக்கோட்டைக்காரர்கள் நாலு பேர் வெளியூரில் சந்தித்துக்கொண்டால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் பழைய கடைகளில் வந்து நிற்கும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடை, மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட சைக்கிள் கடை, கோலி சோடாவும் பவண்டோவும் விற்ற பெட்டிக்கடை, வருடத்தில் சில மாதம் மட்டும் படம் ஓட்டிய கீற்றுக் கொட்டகை. "அந்தக் கடை வடை மாதிரி இப்ப எங்கே கிடைக்குது?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். மற்றவர்கள் ஆமாம் போடுவார்கள். நாங்களும் போடுவோம். வடை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை நாங்கள் எங்கே நின்று தின்றோம் என்பது அந்தப் பேச்சில் வருவதில்லை. இந்த வாரம் அதையும் சேர்த்துப் பேசிவிடலாம்.

நசுங்கிய டம்ளர்

எண்பதுகளின் கடைசி. அப்போது எங்களுக்கு எட்டு, ஒன்பது வயது. தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு காலையில் டீக்கடைக்குப் போவோம். கடைக்குள் இரண்டு பெஞ்ச். அதில் உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். எங்கள் தெருக்காரர்களுக்கு வெளியே, கூரை இறக்கத்தில் செருகி வைத்த அலுமினிய டம்ளர். நாமே எடுத்து, நாமே கழுவி, நீட்ட வேண்டும். டம்ளரில் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து டீயை ஊற்றுவார்கள். குடித்து முடித்ததும் நாமே கழுவி, எடுத்த இடத்திலேயே செருக வேண்டும். காசைப் பலகையில் வைக்க வேண்டும். கையில் கொடுக்கக் கூடாது.

அது அவமானம் என்று அந்த வயதில் எங்களுக்குத் தெரியாது. இருந்த டம்ளர்களில் ஒன்றிரண்டுதான் நசுங்காமல் இருக்கும். அதை யார் முதலில் ஓடிப்போய் எடுப்பது என்பதுதான் எங்களுக்குள் போட்டி. கடைக்காரரின் மகன் எங்களைவிடச் சின்னப் பையன். அவன் தாத்தாவைப் பெயர் சொல்லி 'வா, போ' என்பான். தாத்தா அவனைச் 'சின்ன மொதலாளி' என்பார். அதுவும் எங்களுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கடைக்காரர் கொடுமைக்காரர் இல்லை. ஐப்பசி மழையில் வேலையில்லாத நாட்களில் எங்கள் ஆட்களுக்குக் கடன் கொடுத்தவர். அப்பத்தா காய்ச்சலில் கிடந்தபோது காசு வாங்காமல் பன் கொடுத்தனுப்பினார். எங்கள் தெருவில் படித்த அண்ணன் ஒருவர் கண்ணாடி கிளாஸ் கேட்டபோது, "எனக்கு ஒண்ணுமில்லப்பா, மத்தவங்க வர மாட்டாங்களே" என்றுதான் சொன்னார். நல்ல மனிதர்கள் எல்லாரும் மற்றவர்களைக் கைகாட்டினார்கள். அந்த மற்றவர்கள் யார் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

இறங்கித் தள்ளிய சைக்கிள்

சைக்கிள் கடை எங்களுக்குப் பிடித்த இடம். அங்கே இரட்டை முறை கிடையாது. காசு கொடுத்தால் எல்லாருக்கும் ஒரே சைக்கிள், ஒரே வாடகை. பேர் எழுதி நேரம் குறிப்பார்கள். குரங்குப் பெடல் அடித்துப் பழகியது அந்தச் சைக்கிளில்தான். ஆனால் அதை வாங்கிக்கொண்டு எங்கள் தெருவுக்குப் போவதென்றால் நடுத்தெருவைத் தாண்ட வேண்டும். அந்தத் தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி அனுப்புவார்கள். ஒரு மணி நேர வாடகையில் தள்ளிய நேரமும் கணக்குத்தான்.

முடிவெட்ட ஊருக்குள் எங்களுக்கு வழியில்லை. தெருவிலேயே புளியமரத்தடியில் ஒருவர் வெட்டிவிடுவார். கொஞ்சம் காசு இருந்தால் அப்பா எங்களைப் பஸ்ஸில் சிவகாசிக்கோ சாத்தூருக்கோ கூட்டிப்போவார். அங்கே சலூனில் யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. சுழல் நாற்காலியில் உட்கார வைத்துக் கழுத்தில் துணி கட்டினார்கள். டவுன் என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நாற்காலிதான். இன்றைக்கும் ஊரைவிட்டு நகரத்துக்குப் போகத் துடிக்கும் நம் பிள்ளைகளுக்கு வேலை ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்த நாற்காலி.

கொட்டகையில் தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்காருவோம். விளக்கை அணைத்த பிறகு பக்கத்தில் இருப்பது யார் என்று தெரியாது. ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துதான் படம் பார்த்தோம். இடைவேளையில் விளக்கு எரிந்ததும் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள்.

அப்பத்தாவின் இட்லிக் கடை

எங்களுக்கு என்று இருந்த கடைகளும் உண்டு. எங்கள் தெரு முனையில் ஒரு அப்பத்தா இட்லி அவித்தார். விடிவதற்கு முன்பே அடுப்பு எரியும். ஏனென்றால் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் இருட்டிலேயே வந்துவிடும். நம் பக்கத்தில் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதானே சொல்வோம். தூக்கம் கலையாத பிள்ளைகளை அம்மாக்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். அப்பத்தா இரண்டு இட்லியைத் தூக்குச்சட்டியில் போட்டு, "பஸ்ஸுல போய்த் தின்னு தாயி" என்பார். கணக்கைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைப்பார். சனிக்கிழமை கூலி வந்ததும் கோடு அழியும். எல்லாக் கோடும் அழிந்த சனிக்கிழமை எங்களுக்கு ஞாபகம் இல்லை.

அந்தக் கடையில் எங்கள் தெருவைத் தவிர வேறு யாரும் வாங்கியதில்லை. காசு கடனாகவே சுற்றி வந்ததால் கடை பெருகவில்லை. நம்மவர்கள் ஏன் வியாபாரத்தில் முன்னுக்கு வரவில்லை என்று கேட்பவர்கள் அந்தச் சுவரைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பஸ்ஸில் எங்கள் வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் போனார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருந்த குழந்தைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. அதற்குள் எங்கள் கூட்டாளிகளுக்குப் பள்ளிக்கூட வயது தாண்டியிருந்தது.

எங்களுக்கென்று ஒரு பெஞ்ச்

டீக்கடையில் உள்ளே ஒருவர் பேப்பர் வாசிப்பார். வெளியே குத்தவைத்திருக்கும் எங்கள் ஆட்கள் காதைக் கொடுத்துக் கேட்பார்கள். பேப்பர் வெளியே வராது. நாங்கள் பள்ளிக்கூடம் போய் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் தாத்தா ஒரு வழி கண்டுபிடித்தார். வடை மடித்துக் கொடுத்த பழைய பேப்பரைப் பிரித்து எங்கள் கையில் கொடுத்து, "சத்தமா வாசிடா" என்பார். எண்ணெயில் நனைந்த பாதிச் செய்தியை வாசிப்போம். என்றைக்கோ நடந்த சங்கதி. மீதிப் பாதி எந்த வடையோடு யார் வீட்டுக்குப் போனதோ! அதைத்தான் தாத்தா தலையாட்டிக் கேட்பார்.

1990–91 அண்ணல் அம்பேத்கரின் நூற்றாண்டு. தமிழகம் எங்கும் சேரிகளில் மன்றங்களும் படிப்பகங்களும் முளைத்த காலம். எங்கள் தெருவிலும் இளைஞர்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் பிரித்து ஓலைக் கொட்டகை ஒன்று போட்டார்கள். தினசரி ஒன்றுக்குச் சந்தா கட்டினார்கள். தீப்பெட்டி ஆபீசில் கழித்துப்போட்ட பலகைகளை வாங்கி வந்து பெஞ்ச் ஒன்று அடித்தார்கள். ஊரில் எங்களுக்கென்று போட்ட முதல் பெஞ்ச் அது. ஒரு கால் குட்டையாக இருந்ததால் ஆடும். தாத்தா முதலில் அதில் உட்காரவில்லை. பழக்கத்தில் பக்கத்தில் குத்தவைத்தார். "மேல உக்காருங்க மாமா" என்று அண்ணன்மார் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். அன்றைய பேப்பரை அன்றைக்கே நாங்கள் வாசித்துக் காட்டினோம்.

எங்களைத் தமிழ் படிக்க வைத்தது எந்தக் கல்லூரி என்று யாராவது கேட்டால், அந்த ஆடும் பெஞ்சைத்தான் முதலில் சொல்லத் தோன்றும்.

கடை என்றால் என்ன?

பிற்பாடு படிக்கும்போதுதான் தெரிந்தது, எங்கள் டீக்கடையைப் பற்றி நாட்டின் மிக உயர்ந்த சபையில் எப்போதோ பேசி முடித்திருக்கிறார்கள் என்று. 1948 நவம்பர் 29. தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட அதே நாளில், கடைகளுக்குள் பாகுபாடு கூடாது என்ற பிரிவும் விவாதத்துக்கு வந்தது. 'கடை' என்ற சொல்லில் எவையெல்லாம் அடங்கும் என்று கேள்வி எழுந்தது. நாடி வருகிற எவருக்கும் தன் சேவையைத் தரத் தயாராக ஒருவர் இருக்கிற இடம்தான் கடை என்று, சரக்கு விற்கும் இடத்தைத் தாண்டி விரிவாகப் பொருள் சொன்னார் அம்பேத்கர். அந்தப் பொருளில் சலூனும் கடைதான், சலவைக் கடையும் கடைதான். இன்று அது அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவில் இருக்கிறது.

1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், உணவுக் கடையில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையே குற்றம் என்றது. நாங்கள் நசுங்கிய டம்ளருக்கு ஓடியபோது அந்தச் சட்டத்துக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் கடை, பொதுப் பாத்திரம் ஆகியவற்றோடு சைக்கிளும் இருக்கிறது. பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்ட விடாமல் தடுப்பதும் வன்கொடுமை. நடுத்தெருவில் நாங்கள் இறங்கித் தள்ளிய ஒவ்வொரு அடிக்கும் இன்று சட்டத்தில் பெயர் உண்டு.

இன்றைய பேக்கரி

இப்போது அந்த டீக்கடை இல்லை. சைக்கிள் கடையும் கொட்டகையும் இல்லை. டீக்கடைப் பக்கத்தில் பேக்கரி வந்துவிட்டது. பேப்பர் கப் வந்தபோது இரட்டை டம்ளர் தானாகவே போய்விட்டது என்றார்கள். கழுவ வேண்டாத கப்பில் யாருக்கும் சங்கடம் இல்லை. ஆனால் தமிழகத்தின் சில ஊர்களில் மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், நம்மவர்களுக்கு மட்டும் பேப்பர் கப் என்று பழைய முறையே புதிய உருவில் நடந்ததைக் கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கு அரசு தடை விதித்த பிறகு, பல கடைகளுக்குக் கண்ணாடி கிளாஸ் திரும்பி வந்தது. இந்த முறை எத்தனை வகைக் கிளாஸ் என்று பார்க்க வேண்டிய வேலை நமக்கு இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் அப்பாவை அந்தப் பேக்கரிக்குக் கூட்டிப்போனோம். எல்லாரும் குடிக்கும் அதே கிளாஸில் டீ வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து குடித்தார். குடித்து முடித்ததும் எழுந்தார். நாங்கள் தடுப்பதற்குள் வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் கிளாஸைக் கழுவி, ஓரமாகத் தனியே வைத்தார். மாஸ்டர் இருபது வயதுப் பையன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வைங்க தாத்தா, நாங்க கழுவிக்கிடுறோம்" என்றான்.

அந்தப் பையனுக்கு விளங்காமல் போனது நல்லதுதான். ஆனால் ஏன் கழுவினார் என்று சொல்ல ஊரில் யாராவது இருக்க வேண்டும் அல்லவா?

நம் ஊர்ப் பக்கம் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022இல் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொருள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. வைப்பாற்றங்கரையின் பெருமை. அதைக் கொண்டாடுவோம். ஆனால் முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் கூரையில் செருகியிருந்த அலுமினிய டம்ளர் எந்தக் குழியிலும் கிடைக்காது. அது நம் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

எனவே ஒரு வேண்டுகோள். பழைய கடைகளைப் பற்றிப் பேசும்போது, நீங்கள் உள்ளே உட்கார்ந்தவரா, வெளியே நின்றவரா என்பதையும் சொல்லுங்கள். உள்ளே உட்கார்ந்தவர்கள் சொல்வது இன்னும் முக்கியம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அல்ல. பாதி கிழிந்த வடைப் பேப்பராக இருக்கும் ஊர்க்கதையின் மறுபாதி உங்களிடம்தான் இருக்கிறது. வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டு எழுதி வையுங்கள்.

இன்றும் உங்கள் ஊர்க் கடையில் தனிக் கிளாஸ், தனி இடம் இருந்தால் அது ஊர் வழக்கம் இல்லை, குற்றம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். 14566 என்ற தேசிய உதவி எண்ணையும் அழைக்கலாம். சொந்தமாகக் கடை வைக்க நினைக்கும் இளைஞர்கள் தாட்கோ அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் விசாரியுங்கள். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. அப்பத்தாவின் இட்லிக் கடையைப் போல ஒரு தெருவோடு நிற்காமல், ஊரே வந்து உட்காரும் கடையாக அது இருக்கட்டும். நல்ல பெஞ்சாகப் போடுங்கள். நாங்கள் வருகிறோம்.