‘அப்பா, ஓ.டி.பி. சொல்லுங்க!’: ஜென்ஷின் இம்பாக்ட் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு...

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டுவதற்குள் பின் சீட்டில் இருந்து குரல் வருகிறதா? “அப்பா, நெட் போயிடுச்சு. இன்னும் டெய்லி முடிக்கல!” ஏரியில் படகு, லேடீஸ் சீட் வியூ எதுவும் வேண்டாம், ரூம் வைஃபை பாஸ்வேர்டு போதும். உங்க வீட்டு லீவு ட்ரிப்பும் இப்படித்தான் என்றால், அடுத்து வரப்போகும் கேள்வி: “உங்க போனுக்கு ஓ.டி.பி. வந்துச்சா?”

சொல்வதற்கு முன் இதைப் படிச்சிடுங்க.

என்ன கேம் இது?

சீனாவின் மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பர் 28-ல் வெளியிட்ட ரோல்-பிளேயிங் கேம். பிரிந்துபோன உடன்பிறப்பைத் தேடி, டெய்வாட் என்ற மாய உலகில் ஒரு பயணி அலைவதுதான் கதை. வாள், வில், அரக்கர்கள் உண்டு, ரத்தக்களரி இல்லை. ஐரோப்பாவின் பெகி அமைப்பு 12 வயதுக்கு மேல் என்றும், அமெரிக்காவின் இ.எஸ்.ஆர்.பி. ‘டீன்’ (13+) என்றும் தரம் பிரித்துள்ளன. டவுன்லோட் இலவசம். காசு கட்டாமலே கதையை ஆடலாம்.

அப்புறம் பணம் எங்கே போகுது?

‘விஷ்’ என்ற குலுக்கலில். புது கேரக்டர்கள் பெரும்பாலும் இதில்தான் கிடைக்கும். ஒரு விஷ்ஷுக்கு 160 பிரைமோஜெம். 5 ஸ்டார் கேரக்டர் விழும் அடிப்படை வாய்ப்பு வெறும் 0.6%. 90 விஷ்ஷுக்குள் ஒரு 5 ஸ்டார் நிச்சயம். ஆனால், அது பிள்ளை ஆசைப்பட்டதாக இருக்கும் என்பது நிச்சயமில்லை. அதற்கு 180 வரை போகலாம்.

சின்னக் கணக்கு. 90 விஷ்ஷுக்கு 14,400 ஜெம். ‘டெய்லி’ எனும் 4 தினசரி வேலைகளுக்குக் கிடைப்பது 60. அதை மட்டும் நம்பினால் 240 நாள்! குலுக்கலோ சுமார் 3 வாரத்தில் மாறிவிடும். இந்த அவசரத்தில்தான் ஓ.டி.பி. கேட்கத் தோன்றும். ரூபாய் முதலில் கிரிஸ்டலாகி, பிறகு ஜெம்மாகி, அப்புறம் விஷ்ஷாவதால், செலவானது எவ்வளவு என்று பெரியவர்களுக்கே சட்டெனப் புரியாது.

அமெரிக்காவின் எஃப்.டி.சி. இதே குழப்பத்தைத்தான் குற்றச்சாட்டாக வைத்தது. 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் கட்டவும், அங்கு 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் சம்மதமின்றி இதுபோன்ற குலுக்கலை விற்காதிருக்கவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் 18 வயதுக்குட்பட்டோருக்குத் தடை விதித்த 2025 விதிகள், பணம் வைத்துப் பணம் ஜெயிக்கும் கேம்களுக்கானவை. ஜென்ஷினில் ரொக்கப் பரிசே கிடையாது. எனவே காவல் வீட்டில்தான் இருக்கணும்.

என்ன செய்யலாம்?

* பிளே ஸ்டோரில் ஒவ்வொரு பர்ச்சேஸுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். சேமித்த கார்டை நீக்குங்கள். ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ மூலம் பர்ச்சேஸையே தடுக்கலாம்.

* ஆசியா சர்வரில் டெய்லி மாறுவது நம்ம நேரப்படி இரவு 1.30 மணிக்கு. அதற்காக முழிச்சிருக்கத் தேவையில்லை. மறுநாள் இரவு 1.30 வரை டைம் இருக்கு.

* அட்வென்ச்சர் ரேங்க் 16-க்குப் பிறகு முன்பின் தெரியாதவர்களோடும் சேர்ந்து ஆடலாம், சாட் செய்யலாம். அனுமதியின்றி யாரும் நுழையாதபடி செட்டிங்கை மாற்றுங்கள். ‘ஃப்ரீ ஜெம்’ லிங்க்குகளில் பாஸ்வேர்டு போடக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.

* “இப்ப விட்டா கிடைக்காதுப்பா” என்றால், பதில் ரெடியா வைங்க: பெரும்பாலான கேரக்டர்கள் திரும்ப வரும். இதுவரை போட்ட விஷ் எண்ணிக்கையும் அடுத்த கேரக்டர் குலுக்கலுக்குத் தொடரும்.

போனைப் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த கேரக்டர் எதுக்குப்பா இவ்வளவு முக்கியம்?” என்று ஒருமுறை கேளுங்கள். 0.6% என்றால் என்னவென்று அவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மறுநாள் காலை ஏரிக்குக் கிளம்பும்போது, ஓ.டி.பி. பேச்சே வராமலும் போகலாம்.