பார்த்தால் மட்டும் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நானும் யூடியூபும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள்! 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், அமெரிக்காவின் சான் டியாகோ விலங்குக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன் நின்று ஜாவேத் கரீம் என்னும் இளைஞர் பேசிய 19 நொடிப் படமே அதில் ஏறிய முதல் காணொலி. யானைக்குத் தும்பிக்கை நீளம் என்பதற்கு மேல் அதில் பெரிய செய்தி ஒன்றுமில்லை. இன்றோ, "நல்ல சேனல் ஏதாவது இருந்தா சொல்லேன்" என்று ஒருவரை ஒருவர் கேட்காத நாள் நம் கல்லூரி வேப்பமரத்தடியில் இல்லை எனலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் வெட்டவெளியில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழ்ச் சேனல்களில் அந்த எல்லையை முதலில் எட்டியது அதுதான். எங்கள் வீட்டில் அம்மா முதற்கொண்டு அனைவரும் அதன் இரசிகர்கள். இத்தகைய சேனல்களுக்கு என் சிபாரிசு தேவையில்லை. அறிவியல் படிக்கும் நமக்கு, அதிலும் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு இங்கு வந்து ஆங்கிலத்தில் தடுமாறும் நமக்கு, கைகொடுக்கும் சில சேனல்களைப் பற்றியே எழுத வந்தேன். அதற்கு முன் என் தோல்வி ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் கழனி வேலை செய்பவர்கள். அண்ணன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். வீட்டிலுள்ள ஒரே நல்ல கைப்பேசி அவருடையது. நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. அண்ணன் பார்த்தது போக மீதியை இரவு 12 மணிக்குள் தீர்க்காவிட்டால் வீணாகிவிடும் என்பதால், அந்த மீதி எனக்கு! 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை அந்தக் கைப்பேசியில்தான் பார்த்தேன். அப்போது பிளஸ் டூ மாணவி. இஸ்ரோவின் யூடியூப் நேரலையை ஒரே சமயத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள் என்று பிறகு படித்தேன். அந்த 80 லட்சத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையும் ஒன்று. "நெலாவுலயா எறக்கினாங்க?" என்று அம்மா மூன்று முறை கேட்டார். இயற்பியல்தான் படிப்பேன் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

ஆனால் முதல் பருவத்திலேயே சறுக்கினேன். பள்ளியில் நிலைமம், உந்தம், திருப்பு விசை என்று படித்தவள், இங்கே இனர்ஷியா, மொமென்டம், டார்க் என்று கேட்டதும் எல்லாம் புதுப் பாடம்போல் மிரண்டேன். வகுப்பில் கேட்க வெட்கம். ஆகவே தேர்வுக்கு முந்தைய இரவு நான்கு மணி நேரம் காணொலிகளாகப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. மறுநாள் தேர்வறையில் வினாத்தாளைப் பிரித்தால் கை ஓடவில்லை. பார்த்த படமெல்லாம் கண்ணுக்குள் ஓடுகிறது. ஒரு சமன்பாடுகூட எழுத்தில் வரவில்லை! ஒரு தாளில் அரியர் விழுந்தது.

செய்தி கேட்டு வந்த தாய்மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "அந்தப் போனை வாங்கி உள்ள வையி மாமா. ராவெல்லாம் அதையே பாத்துக்கினு இருந்தா எப்பிடி பாஸாவும்?" அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம்தான் சுட்டது. மாமா சொன்னதில் பாதி உண்மை என்பதால் என்னால் மறுத்துப் பேசவும் இயலவில்லை.

அந்தப் பாதி உண்மையை எனக்கு விளக்கியதும் ஒரு காணொலிதான் என்பதே வேடிக்கை! 'வெரிட்டாசியம்' என்னும் ஆங்கிலச் சேனலை நடத்துபவர் டெரிக் முல்லர். இயற்பியல் கற்பிக்கும் படங்கள் எப்படி அமைய வேண்டும் என்று ஆராய்ந்து சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 2008இல் முனைவர் பட்டம் பெற்றவர். மாணவர்களுக்கு ஒரு முன்தேர்வு வைத்தார். பின் விசையைப் பற்றிய தெளிவான படம் ஒன்றைக் காட்டினார். "மிகத் தெளிவு, எளிது" என்றார்கள் மாணவர்கள். மறுபடியும் அதே தேர்வை வைத்தால் 26க்கு 6 என்றிருந்த சராசரி மதிப்பெண் அரைப் புள்ளிகூட ஏறவில்லை! வேறொரு குழுவினருக்கு, மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறான எண்ணத்தை முதலில் ஒருவர் பேசிக் காட்டி, பிறகு அதை விவாதித்துத் திருத்தும் படத்தைக் காட்டினார். அவர்கள் "குழப்பமாக இருக்கிறது" என்றார்கள். ஆனால் அவர்களுடைய மதிப்பெண் ஏறக்குறைய 11க்கு உயர்ந்தது.

காரணம் என்ன? ஒரு மாங்காயை நேராக மேலே எறிகிறோம். கையை விட்டு அது மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மீது செயல்படும் விசைகள் எவை? (காற்றை விட்டுவிடுங்கள்.) படிப்பதை நிறுத்திவிட்டு விடையைச் சொல்லிப் பாருங்கள். "கை கொடுத்த விசை மேல்நோக்கி, புவியீர்ப்பு கீழ்நோக்கி" என்பீர்களானால் நீங்களும் என் கட்சி! கையை விட்ட நொடியே கையின் விசை முடிந்தது. அதன் பிறகு உள்ளது புவியீர்ப்பு ஒன்றே. மாங்காயிடம் மிஞ்சியிருப்பது வேகம். நம் மனத்தில் பழைய எண்ணம் உட்கார்ந்திருக்கும்போது தெளிவான படத்தைப் பார்த்தால், "இது எனக்குத் தெரிந்ததுதானே" என்று மனம் தலையாட்டிவிட்டுப் பழைய எண்ணத்தையே காப்பாற்றிக்கொள்கிறது. அந்த நான்கு மணி நேரமும் நான் தலையாட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு சேனலை எடைபோட எனக்கு ஒரே அளவுகோல்: அது என்னை நிறுத்த வைக்கிறதா? நிறுத்தி, நோட்டை எடுக்க வைக்கிறதா? சும்மா ஓடிக்கொண்டே போகும் சேனல் எவ்வளவு அழகாயிருந்தாலும் அது சினிமாவோடு சேர்ந்ததே.

இந்த அளவுகோலில் எனக்கு முதலிடம் அரவிந்த் குப்தாவின் படங்களுக்கு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த இவர், குப்பையில் எறியும் பொருள்களைக் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்து காட்டுபவர். புனேயில் குழந்தைகளுக்கான அறிவியல் மையத்தில் பணிபுரிந்தார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஒன்றிரண்டு நிமிடங்களே ஓடும் அவருடைய படங்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கின்றன. 'குழந்தைகள் சமாசாரம்' என்று பி.எஸ்ஸி. மாணவர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. அதற்கு நானே சாட்சி.

அவருடைய மோட்டார் ஒன்று உண்டு. ஒரு டார்ச் செல், இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், எனாமல் பூசிய தாமிரக் கம்பி, இவ்வளவே. கம்பியை உத்திரமேரூரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கேட்டேன். எரிந்துபோன காயிலிலிருந்து இரண்டு முழம் இலவசமாகவே கொடுத்தார்கள். காந்தம் பழைய ஸ்பீக்கரிலிருந்து. சுருள் சுற்றி, இரு முனைகளிலும் எனாமலைச் சுரண்டி, ஊக்கின் துளைகளில் மாட்டினேன். சுழலவில்லை! இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு நின்றது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் படத்தை மறுபடி போட்டு, ஒவ்வொரு நொடியாக நிறுத்திப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. ஒரு முனையில் எனாமலைச் சுற்றிலும் சுரண்டக் கூடாது. ஒரு பக்கம் விட்டுவைக்க வேண்டும். ஏன்? மின்னோட்டம் பாயும் சுருள் ஒரு காந்தமாகிறது. அரைச் சுற்றுவரை கீழேயுள்ள காந்தம் அதை ஒரு திசையில் திருப்புகிறது. அடுத்த அரைச் சுற்றில் அதே விசை எதிர்த் திசையில் திருப்பப் பார்க்கிறது. முழுதும் சுரண்டினால் சுருள் ஆடி ஆடி நிற்பது இதனால்தான். ஒரு பக்கம் எனாமல் இருந்தால் அந்த இரண்டாம் பாதியில் மின்னோட்டம் அறுபட, நிலைமத்தின் வேகத்திலேயே சுருள் தாண்டிவிடுகிறது. உண்மையான நேர்மின் மோட்டாரில், மின்னோட்டத்தை அறுப்பதற்குப் பதில் திசை மாற்றிவிடுவதே பிளவு வளையத்தின் வேலை. பத்தாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்கிய விஷயம்! அது எதற்காக இருக்கிறது என்பது அந்த மூன்றாம் நாள் இரவில்தான் தெரிந்தது.

தமிழில் கேட்க விரும்புவோர்க்கு 'மிஸ்டர் ஜி.கே.', 'எல்.எம்.இ.எஸ்.' ஆகிய இரண்டையும் சொல்வேன். முன்னது சார்பியல், கருந்துளை போன்ற பெரிய பொருள்களை நம் வீட்டுப் பேச்சில் விளக்குவது. பின்னது பிரேமானந்த் சேதுராஜன் தொடங்கியது. பொருள்களும் எந்திரங்களும் எப்படி இயங்குகின்றன என்பதில் கைதேர்ந்தது. இவற்றால் ஆர்வம் பிறக்கும். தேர்வுக்கு இவை மட்டும் போதா. கணித மாணவர்கள் கிராண்ட் சாண்டர்சனின் 'திரீ ப்ளூ ஒன் பிரவுன்' பார்க்கட்டும். வகைநுண்கணிதத்தையும் அணிகளையும் அசையும் படங்களாகக் காட்டுவதால் ஆங்கிலம் பாதி புரிந்தாலே போதும். வேதியியல் தோழியர்க்கு நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தாரின் 'பீரியாடிக் வீடியோஸ்'. தனிமங்கள் 118க்கும் ஒவ்வொரு படம் உண்டு. அதில் வரும் மார்ட்டின் போலியகாஃப் என்னும் பேராசிரியரின் தலைமுடியைப் பார்த்தாலே சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் பாடத்தைக் கவனிக்கவும்.

கடைசியாக 'என்.பி.டெல்.' ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து, தங்கள் வகுப்புப் பாடங்களை முழுமையாக யூடியூபில் வைத்திருக்கும் திட்டம் இது. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் கரும்பலகையில் எழுதி நடத்தும் இயற்பியல் வகுப்புகளை முதல்முறை பத்து நிமிடம்கூட என்னால் தாங்க முடியவில்லை. இப்போது ஒரு மணி நேர வகுப்பை நான்கு இரவாகப் பிரித்துப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டைக் காண வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். குடத்தில் பெயர் இடுவதற்கு அக்கல்வெட்டு கேட்கும் தகுதிகளையும் படித்துப் பாருங்கள்: கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயது, வேதப் பயிற்சி! எங்கள் குடும்பத்தில் எவர் பெயரும் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. ஐ.ஐ.டி. வாசலிலும் நுழைவுத் தேர்வு நிற்கிறது. ஆனால் அந்த வகுப்பின் கடைசி பெஞ்சு எங்கள் வீட்டுத் திண்ணைவரை நீண்டிருக்கிறது. அதில் உட்கார என்னிடம் யாரும் பட்டா கேட்கவில்லை.

ஆங்கிலத்துக்கு அஞ்சுவோர்க்கு என் அனுபவம்: வேகத்தை முக்காலாகக் குறைத்து, ஆங்கில எழுத்துகளைக் கீழே ஓட விடுங்கள். தானே தமிழாக்கும் வசதியை மட்டும் முழுதும் நம்பாதீர்கள். 'எலக்ட்ரிக் ஃபீல்டு' எனக்கு ஒருமுறை 'மின்சார வயல்' என்று வந்தது. அம்மாவிடம் காட்டியபோது, "அதுல நடவுக்கு எவ்ளோ கூலி?" என்றார்! நான் ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல் என்று எழுதி வருகிறேன். 300 சொற்களுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. புதிதென்று மிரண்ட பாடங்களில் பெரும்பாலானவை பழைய நண்பர்களே என்று அந்த நோட்டுதான் காட்டிக் கொடுத்தது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காந்தத்தைச் சுற்றிக் கம்பி சுற்றினால் பேட்டரியே இல்லாமல் பல்பு எரியும் என்று காட்டும் படங்கள் ஏராளம். அண்ணன் ஒருநாள் அதை நம்பி, "நம்ம வீட்டுக்கே செஞ்சிடலாமா?" என்றார். அசையாத காந்தத்தால் கம்பியில் மின்னோட்டம் பிறக்காது. காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால்தான் பிறக்கும் என்பது ஃபாரடே 1831இல் கண்டது. பல்புக்கு அடியிலோ மேசைக்கு அடியிலோ செல் ஒளிந்திருக்கும். அண்ணனிடம் காந்தத்தையும் கம்பியையும் கொடுத்து, செய்யச் சொன்னேன். எரியவில்லை. அதன் பிறகு அப்படிப்பட்ட படங்களை எனக்கு அனுப்புவதில்லை.

மறுமாதம் புதுமைப்பெண் திட்டத்தில் வந்த 1000 ரூபாயிலிருந்து ரீசார்ஜ் நானே செய்தேன். அடுத்த பருவத்தில் அரியர் தாளை எழுதி 58 வாங்கினேன். பொங்கலுக்கு மாமா வந்தபோது மோட்டாரை அவர் எதிரில் வைத்துச் சுழல விட்டேன். அவர் குனிந்து, செல்லைக் கழற்றி, மறுபடி மாட்டி, சுருளை விரலால் நிறுத்தி விட்டுப் பார்த்தார். "இந்தக் கம்பிய ஏன் பாதி மட்டும் சொரண்டியிருக்க?" என்று கேட்டார். சொன்னேன். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒளியியலுக்குத் தமிழில், நிறுத்திக் கணக்குப் போட வைக்கும் நல்ல சேனல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. தெரிந்த தோழர்கள் சொல்லுங்கள்; பேராசிரியர்கள் சொன்னால் இன்னும் மகிழ்வேன். பகலுணவு வேளையில் வேப்பமரத்தடியில்தான் இருப்பேன். சொல் நோட்டு வேண்டுவோர் வாங்கிப் போய் எழுதிக்கொள்ளலாம். மறுநாள் திருப்பித் தர வேண்டும்.