தலை நிற்கும் மாதம்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இன்று பூவும் காய்கறியும் விற்கும் பஃப்பலோ ரோடு வட்டாரம், ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்களால் நிறைந்திருந்தது. பிறந்த கன்று ஓரிரு மணி நேரத்தில் தள்ளாடி எழுந்து தாய்மடியை முட்டும். அந்த வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே, 1924இல் இலவச மகப்பேறு மருத்துவமனையானது கண்டாங் கெர்பாவ்; அதுதான் இன்றைய கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸ் சாதனையானது. அத்தனை பேரில் ஒருவருக்கும் பிறந்த அன்று தலை நின்றிருக்காது. படைத்தவன் கன்றுக்குக் காலில் வைத்த பலத்தை, நம் பிள்ளைக்கு அடுத்தவர் கையில் வைத்திருக்கிறான்.

பச்சிளங்குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான். அதைச் சுமக்க ஏழே எலும்புகள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் அதே ஏழுதான். உள்காதில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புப் படிகங்கள் இருக்கின்றன. தலை சாய்ந்தால் அவையும் சரியும். எது மேல், எது கீழ் என்ற செய்தி நரம்பு வழியே கழுத்துத் தசைக்குப் போகும். மூன்று நான்கு மாதத்தில் தலை நிற்கும். பிறகு முதுகு, இடுப்பு, கால் என்று பலம் கீழே இறங்கிவரும். பிள்ளை தலையை நிமிர்த்தி அசைந்தாடும் செங்கீரைப் பருவத்தை ஐந்தாம் மாதத்துக்கு வைத்த நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதை எவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார்கள்! தலை நிற்காத பிள்ளையால் செங்கீரை ஆட முடியாதே.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கும், தசை தளர்ந்து பிறந்த பிள்ளைக்கும் தலை நிற்பது தாமதமாகலாம். அப்போது பிசியோதெரபிஸ்ட் செய்வதைப் பார்த்தால் கைகூப்பத் தோன்றும். அவர் தலையைத் தூக்கி நிறுத்துவதில்லை. அம்மாவைச் சாய்ந்து உட்காரச் சொல்லி, அவள் மார்பின் மேல் பிள்ளையைக் குப்புறப் படுக்க வைக்கிறார். அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நெற்றி சுருங்குகிறது, மோவாய் ஒரு விரற்கடை எழும்புகிறது, கண் அம்மாவின் முகத்தைத் தேடிப் பிடிக்கிறது. மறுகணம் தலை மறுபடி சாய்ந்துவிடுகிறது. போதும், இன்றைக்கு அது பெரிய உழைப்பு. அந்த முகத்தைப் பார்க்கும் ஆசைதான் மருந்து. தசை அதன் பின்னாலேயே வளர்கிறது. நாளாக ஆகச் சாய்வைக் குறைப்பார்கள். பிறகு தரையில், நெஞ்சுக்கடியில் சுருட்டிய துண்டு; எதிரே ஒரு கிலுகிலுப்பை.

காலை நீட்டி, பிள்ளையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய நம் பாட்டிமார் செய்ததும் ஏறக்குறைய இதுதான். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். குப்புறப் போடுவது விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே.

நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லையென்றால், "எங்க வீட்டுப் பிள்ளைக்கும் லேட்டாத்தான் நின்னுச்சு" என்ற ஆறுதலை நம்பிக் காத்திருக்காதீர்கள். குறைமாதப் பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து மாதத்தை எண்ணுங்கள். பால் குடிக்கவும் திணறினால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். சுகாதாரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள்.