போடியில் தண்டனை, மேல்முறையீடு எங்கே?

சிலமலையில் நடந்த ஓர் அடிதடி வழக்கில் போடிநாயக்கனூர் குற்றவியல் நடுவர் ஓராண்டுச் சிறை விதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பலர் உடனே மதுரை வக்கீலைத் தேடுவார்கள். ஆனால் நடுவர் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு தேனி அமர்வு நீதிமன்றத்துக்குத்தான் போகும். கெடு 30 நாள். கொலை வழக்குபோல அமர்வு நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்திருந்தால்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அதற்கு 60 நாள். தூக்கு என்றால் 30. போடிமெட்டைத் தாண்டி இடுக்கி ஏலத்தோட்டத்தில் நடந்த குற்றம் என்றால் விசாரணை கேரள நீதிமன்றங்களில். உயர் நீதிமன்றமும் எர்ணாகுளத்தில்.

மேல்முறையீட்டில் சாட்சியங்களை முதலிலிருந்து எடைபோடலாம். அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதற்கு நம் மாவட்டத்து வழக்கே சாட்சி. 2011 மே மாதம் சுருளி அருவிப் பகுதியில் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. 2018-ல் தேனி அமர்வு நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்கு விதித்தது. 2019-ல் மதுரைக் கிளை அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. டிஎன்ஏ மாதிரிகள் எடுத்த இடத்திலிருந்து ஆய்வகம் சேரும்வரை யார் கையில், எந்த நிலையில் இருந்தன என்பதைக் காவல்துறையால் நிறுவ முடியவில்லை. இனி மாதிரி கைமாறும் ஒவ்வொரு கட்டத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று நாடு முழுமைக்கும் அதே தீர்ப்பு உத்தரவிட்டது. கடைசிப் படி இல்லாதிருந்தால் ஓர் உயிர் போயிருக்கும். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கோ, கொன்றது யார் என்ற கேள்வி 14 ஆண்டுக்குப் பிறகும் அப்படியே நிற்கிறது. புலனாய்வில் விட்ட ஓட்டையை எந்த மேல் நீதிமன்றமும் அடைத்துத் தர முடியாது.

குற்றவாளி தப்பிவிட்டார் என்று நினைக்கும் குடும்பத்துக்கும் வழி உண்டு. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து, அரசுக்காகக் காத்திராமல், பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். 2009-ன் கடைசி நாளிலிருந்து இந்த உரிமை நடைமுறையில் இருக்கிறது.

“ஒத்துக்கிட்டா ஃபைனோட போயிரும்” என்ற பேச்சைக் கேட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்டபின் தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் மட்டுமே எதிர்க்க முடியும். நிரபராதி என்று வாதிட முடியாது.

பிணையில் இருந்தவருக்கு மூன்றாண்டுக்கு மிகாத சிறை விதித்தால், மேல்முறையீட்டுக்கு அவகாசம் தந்து பிணையில் விடும்படி தண்டித்த நீதிமன்றத்திலேயே கேளுங்கள். தீர்ப்பு நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். சிறைக்குள் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே மனு அனுப்பலாம். வக்கீலுக்குப் பணம் இல்லாவிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணை அழையுங்கள்.