பச்சைப் பிள்ளைக்கு எத்தனை துணி?

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளியில் பஸ் ஏறும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் செம்மேட்டில் இறங்கினால், மேலே இன்னொன்று போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்று தோன்றும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் காற்று சராசரியாக ஆறரை டிகிரி குளிரும் என்பது வானிலைப் பாடம். கொல்லிமலைத் தாலுகாவின் தலைமையிடமான செம்மேடு கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. நாமக்கல்லில் மின்விசிறி ஓடும் இரவில் இங்கே கம்பளி தேடுகிறார்கள். சுற்றுலா வருபவர்களுக்கு அது சுகம். மூன்று கிலோ எடையில் பிறந்து இரண்டு நாளே ஆன உயிருக்குக் கணக்கு வேறு.

பிள்ளை பிறப்பதற்கு முன் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று இன்று எங்கு கேட்டாலும் ஒரு நீளப் பட்டியல் கிடைக்கிறது. பாட்டில் கொதிக்கவைக்கும் மின்கருவி, ஆட்டும் நாற்காலி, குளிப்பாட்டும் தொட்டி, தலைக்கு ஒரு கடுகுத் தலையணை, காலுக்கு ஒரு ஷூ. நடக்கவே ஒரு வருடம் ஆகும் பிள்ளைக்கு ஷூ எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பட்டியல்கள் கடையிலிருந்து தொடங்குகின்றன. பிள்ளையின் உடம்பிலிருந்து தொடங்கிப் பார்த்தால், அதாவது அதனால் இன்னும் தானாகச் செய்துகொள்ள முடியாதது எது என்று கேட்டால், பட்டியல் ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிடும். ஆனால் செம்மேட்டுப் பையும் நாமக்கல் பையும் ஒன்றாக இருக்காது.

முதல் குறை, சூடு. பிறந்த குழந்தைக்கு நடுங்கத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடு உண்டாக்கிக்கொள்கிறது. அப்படி எரிக்க ஆக்சிஜனும் சர்க்கரையும் செலவாகும். குளிர்ந்துபோன பிள்ளை சோர்ந்து பால் குடிக்காமல் இருப்பதற்கும் ரத்தத்தில் சர்க்கரை இறங்குவதற்கும் இதுவே காரணம். உள்ளே வரவு இப்படி என்றால் வெளியே செலவு அதிகம். ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு தோல் என்று கணக்குப் போட்டால், பெரியவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு தோல் அதற்கு. தோல் வழியாகத்தானே சூடு போகும்!

இதில் பலர் கவனிக்காதது ஈரம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். மூன்று கிலோ குழந்தையின் உடம்பு ஒரு டிகிரி இறங்கப் பத்தாயிரம் ஜூல் சொச்சம் போனால் போதும். ஒரு டீஸ்பூன் அளவு ஈரம் காய்வதற்கான வெப்பம் முழுவதையும் குழந்தையிடமிருந்தே எடுத்துக்கொண்டால், அதன் உடம்பு ஒரு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். பிறக்கும்போது அது நனைந்தே வருகிறது. எனவே பையில் முதலில் வைக்க வேண்டியவை உலர்ந்த இரண்டு துணிகள். ஒன்றால் துடைத்து அதைத் தூரப் போட வேண்டும், மற்றொன்றால் போர்த்த வேண்டும். துடைத்த துணியிலேயே சுற்றி வைப்பதும் ஈரத்திலேயே வைப்பதும் ஒன்றுதான். முதல் குளியலைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துவதற்கும் இதே கணக்குத்தான் அடிப்படை. குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம். தலைமுடியின் ஈரத்தை ஒரு பருத்தித் துண்டே எடுத்துவிடும். புகையில் வரும் நுண்துகள்கள் அந்தச் சின்ன நுரையீரலுக்கு வேண்டாம்.

சூட்டுக்குச் சிறந்த கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல் இன்குபேட்டர்கள் போதாமல் திண்டாடிய மருத்துவமனையில், எட்கர் ரேய் என்ற மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டிவைக்கத் தொடங்கினார். அது பஞ்சகாலத்து மாற்று ஏற்பாடாகத்தான் பார்க்கப்பட்டது. 2021-இல் வெளியான பெரிய ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 1.8 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த சுமார் 3,200 குழந்தைகள். உடல்நிலை சீராகும்வரை காத்திருந்து தாயிடம் கொடுத்த பிரிவில் 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதம். பிறந்தவுடனே தாயின் மார்பில் கிடத்திய பிரிவில் 12 சதவீதம். பிள்ளையை மார்போடு கட்ட ஒரு சேலைத் துண்டு போதும். அப்பாவின் மார்பும் இதற்கு ஆகும், வெட்கப்பட வேண்டியதில்லை.

சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் கைவசம் இல்லையென்றால் புறங்கை போதும். வயிற்றிலும் பாதத்திலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாக, பாதம் ஜில்லென்று இருந்தால் பிள்ளை குளிரோடு போராடிக்கொண்டிருக்கிறது, உடனே மார்பில் போட்டு மூட வேண்டும். இரண்டுமே ஜில்லென்றால் வண்டி கூப்பிட வேண்டிய நேரம். பெரியவர்கள் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதல் துணி என்பது எளிய அளவு. உடம்பில் தலையின் பங்கு பெரிது என்பதால் மலைக்குளிரில் தொப்பி அவசியம். அதையே சித்திரை மாதம் நாமக்கல்லில் மாட்டிவிட்டால் பிள்ளைக்கு உடம்பு கொதிக்கும்.

இனி, தலைப்பில் கேட்ட கேள்வி. பால் சரியாகக் குடிக்கும் குழந்தை ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கும். மலத்தையும் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு துணி. சமவெளி வெயிலில் துவைத்துப் போட்டது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், பதினைந்து துணியில் காலம் தள்ளலாம். செம்மேட்டில் மூடுபனி இறங்கிவிட்டால் காற்றே ஈரத்தால் நிரம்பியிருக்கும், அது துணியிலிருந்து இன்னும் எதை வாங்கிக்கொள்ளும்? இரண்டு நாளானாலும் கொடியில் நசநசவென்று கிடக்கும். இரண்டு நாள் துணி கொடியில், ஒரு நாள் துணி கையில் என்றால் முப்பத்தாறு. துணியின் எண்ணிக்கையைக் கொடிதான் முடிவு செய்கிறது. அடுப்புக்கு மேலே கட்டி உலர்த்தினால் புகை ஏறும். இஸ்திரி போட்டால் மிச்ச ஈரமும் போகும், கிருமியும் சாகும்.

முப்பத்தாறு துணி என்றால் மலைக்க வேண்டாம். பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டடிச் சதுரமாகக் கிழித்தால் பன்னிரண்டு துண்டு வரும், மூன்று வேட்டியில் வேலை முடிந்தது. பிள்ளைக்குப் பழைய துணிதான் நல்லது என்று பாட்டிகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நெசவில் ஏற்றிய கஞ்சிப்பசையெல்லாம் பல துவைப்பில் போய், இழை தளர்ந்து, தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சும். வேதிப்பொடி அடைத்த டயப்பர் தன் எடையைப்போல் பல மடங்கு நீரைக் குடித்துவிட்டு உலர்ந்ததுபோலவே காட்டும். பிள்ளை எத்தனை முறை நனைத்தது என்று அம்மாவுக்கே தெரியாமல் போகும். பால் போதுமா என்பதை அறிய முதல் வாரங்களில் அந்த எண்ணிக்கையைவிட நல்ல அளவுகோல் வீட்டில் இல்லை. கீழே ஆஸ்பத்திரிக்குப் போகும் பயணத்துக்கு ஒன்றிரண்டு டயப்பர் வைத்துக்கொள்ளலாம். தினமும் என்றால் அந்தக் குப்பையை மலையில் எங்கே போடுவது?

அரசாங்கமே இப்படி ஒரு பை தயாரித்ததுண்டு. 2015 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன, மதிப்பு ஆயிரம் ரூபாய். துண்டு, உடுப்பு, படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், ஷாம்பு, சோப்பு, சோப்புப் பெட்டி, நகவெட்டி, கிலுகிலுப்பை, பொம்மை, அம்மாவுக்குக் கை கழுவும் திரவம், குளியல் சோப்பு, சௌபாக்கிய சுண்டி லேகியம், எல்லாவற்றையும் வைக்க ஒரு பை. கொசுவலைக்கும் கை கழுவும் திரவத்துக்கும் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஷாம்புவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு துண்டு வைத்திருக்கலாம். பிறந்த பிள்ளையின் தலைக்கு வெதுவெதுப்பான தண்ணீரே போதும். பொம்மையும் கிலுகிலுப்பையும் மூன்று மாதம் கழித்துத்தான் கைக்கு வரும், ஆனால் பரிசு என்றால் அதில் ஒரு பொம்மை இருக்கட்டுமே. இந்த வகைப் பெட்டிக்கு முன்னோடி பின்லாந்து. 1938-இல் ஏழைத் தாய்மார்களுக்கு, 1949 முதல் எல்லோருக்கும். அந்த அட்டைப் பெட்டியே பிள்ளைக்கு முதல் படுக்கையாகவும் ஆகும். அதைப் பெற ஒரு நிபந்தனை உண்டு: கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும். உயிர்களைக் காத்ததில் பெட்டியைவிட அந்த நிபந்தனைக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

உணவு விஷயத்தில் பை கிட்டத்தட்ட காலி. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். பால் புட்டியை விளம்பரம் செய்யவே நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. 2003-இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. சப்ப வலுவில்லாத பிள்ளைக்குக் கறந்த தாய்ப்பாலைக் கொடுக்க வேண்டியிருந்தால் நம்மிடம் பாலாடை இருக்கிறது, சங்கு என்றும் சொல்வார்கள். ஆங்கில மருத்துவ இதழ்களிலும் அதற்குப் பாலாடை என்றே பெயர். புட்டி, கிண்ணம், பாலாடை மூன்றையும் ஒப்பிட்டு 1999-இல் வெளியான இந்திய ஆய்வில், குறைந்த நேரத்தில் அதிகப் பால் உள்ளே போனது பாலாடையில்தான். மூலை முடுக்கு இல்லாததால் ஒரு கொதியில் சுத்தமாகிவிடும். பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கு நுனியை உதட்டோரம் வைத்து, அதுவாக விழுங்க விழுங்கச் சாய்க்க வேண்டும். கடகடவென்று ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும்.

கொல்லிமலை என்றதும் தேன் நினைவுக்கு வரும். மலைக்கு வந்தவர்கள் பாட்டில் பாட்டிலாக வாங்கிப் போகிறார்கள். நல்லதுதான், ஆனால் ஒரு வயதுக்கு முன் பிள்ளையின் நாக்கில் அதைத் தொட்டு வைக்கக் கூடாது. தேனில் சிலசமயம் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். நம் குடலில் அவை முளைக்க இடம் கிடைக்காது. பச்சிளங்குடலில் முளைத்து நச்சைச் சுரந்து தசைகளைத் தளர்த்திவிடும். தேன் சுத்தமானதா கலப்படமா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சேனை வைக்கும் சடங்கை மார்பில் ஊறும் முதல் மஞ்சள் பாலாலேயே செய்யலாம், யார் தடுக்கப் போகிறார்கள்? வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுப்பதும் வேண்டாம். அதிலுள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்கா 1968-இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது.

தூக்கத்துக்கு வருவோம். ஒரு சேலையை உத்தரத்தில் கட்டினால் தூளி தயார், செலவே இல்லை. ஒன்றரை மீட்டர் நீளத் தூளி ஒருமுறை போய்த் திரும்ப இரண்டரை நொடி ஆகும். பிள்ளையின் எடை எவ்வளவானாலும் அதே நேரம்தான், ஊசல் விதி அப்படி. ஆனால் அழுகை அடங்கியபின் அதிலேயே மணிக்கணக்கில் தூங்கவிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கழுத்து நிற்காத பிள்ளைக்கு வளைந்த துணியில் தாடை மார்பில் இடித்து மூச்சுப்பாதை மடங்கலாம். தட்டையான, கெட்டியான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும் என்பதுதான் இன்றைய மருத்துவ அறிவுரை. 1994-இல் அமெரிக்கா இதை இயக்கமாகவே நடத்தியது, தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் அதன்பின் பாதியாகக் குறைந்தன. எனவே தலையணை வேண்டாம். சிமென்ட் தரையானால் பாய்க்கு அடியில் தடித்த ஜமுக்காளம் அவசியம், இல்லையென்றால் தரை சூட்டை உறிஞ்சும்.

அழுகிற பிள்ளையைத் தூங்கவைக்கத் தூளியும் இல்லாத ஒரு வழியை ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர் 2022-இல் சொன்னார்கள். தோளில் போட்டுக்கொண்டு நிற்காமல் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். தூங்கியதும் கீழே கிடத்தாமல் ஐந்து முதல் எட்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கிடத்தினால் உடம்பு பிரியும் அந்தக் கணத்திலேயே இதயத் துடிப்பு மாறிப் பிள்ளை விழித்துவிடுகிறது.

பையில் இடம் பிடிக்காதவை சில மிச்சம் இருக்கின்றன. பிறந்தவுடன் தொடையில் போடும் வைட்டமின் கே ஊசி, பிசிஜி, போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி. தாய்ப்பாலில் வைட்டமின் டி குறைவு என்பதால் தினமும் 400 யூனிட் சொட்டு. இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். தொப்புள்கொடியில் எதுவும் தடவ வேண்டாம், காய்ந்து தானே விழும்.

வீடு தேடி வரும் ஆஷா பணியாளர் இன்னொரு தேவை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்கவைத்தார்கள். அங்கே பிறந்த ஒரு மாதத்துக்குள் நேரும் இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். நாடு முழுவதற்கும் அது திட்டமாகி, 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் பணியாளர் வீட்டுக்கு வந்து எடை பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே அவருடைய எண்ணையும் 108-ஐயும் செல்போனில் போட்டுவைப்பது நல்லது. செம்மேட்டில் அரசு மருத்துவமனை உண்டு. அதற்கும் மேலான சிகிச்சைக்கு மலையிறங்க வேண்டும், அந்த வளைவுகளில் எந்த வண்டியும் பறக்க முடியாது. எனவே கிளம்பும் முடிவை முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு கடிகாரம் போதும். பிள்ளை தூங்கும்போது சட்டையை விலக்கி வயிறு ஏறி இறங்குவதை முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது, ஏனென்றால் பச்சைப் பிள்ளைகள் வேகமாக மூச்சு விட்டு, சில நொடி நிறுத்தி, மறுபடி தொடங்குவார்கள். அறுபதோ அதற்கு மேலோ வந்தால் மறுபடி ஒருமுறை எண்ணுங்கள். அப்போதும் அறுபது என்றால், அல்லது பால் குடிக்க மறுத்தால், மூச்சில் நெஞ்சு குழிந்தால், உள்ளங்கால்வரை மஞ்சள் படர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் வண்டிக்குச் சொல்லிவிட்டுப் பிள்ளையை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள்.