உங்களுக்குத் தெரியுமா? போர்முனையே பாராத சகோதரரின் மூளை சொன்ன சேதி

காதுக்கு நேர் உள்ளே, மூளையின் இரு பக்கமும் வளைந்து கிடக்கும் சிறு பகுதி ஹிப்போகாம்பஸ். புதிய நினைவுகள் பதிய அது வேண்டும். வியட்நாம் போரிலிருந்து திரும்பி, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோயால் அவதிப்பட்ட அமெரிக்க வீரர்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். வலப்பக்க ஹிப்போகாம்பஸ் மற்றவர்களைவிட ஏறக்குறைய 8 சதவீதம் சிறியதாக இருந்தது. 1995இல் ஆய்வாளர் பிரெம்னரின் குழு வெளியிட்ட முடிவு இது. போரின் கொடுமைதான் மூளையைச் சுருக்கிவிட்டது என்று பலரும் நினைத்தார்கள்.

இந்த எண்ணத்தைச் சோதிக்க, 2002இல் ஆய்வாளர் கில்பர்ட்சனின் குழு ஒரே கருவில் உருவான இரட்டையர்களைத் தேடிப் பிடித்தது. ஒருவர் போர்முனை கண்டவர், மற்றவர் காணாதவர். ஸ்கேன் படத்தில் ஒவ்வொரு துண்டிலும் ஹிப்போகாம்பஸின் ஓரத்தை வரைந்து பருமனைக் கணக்கிட்டார்கள். நோயுற்ற வீரருக்கு அது சிறியதாக இருந்தது. போர்முனையே பாராத சகோதரருக்கும் அப்படியே! அப்படியானால் அந்தச் சிறிய அளவு போருக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். இந்தத் துறையில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஆய்வு அரிது.

அதற்காகப் போர் மூளையில் தடம் பதிப்பதில்லை என்று முடிவுகட்டக் கூடாது. 2008இல் வந்த மற்றோர் இரட்டையர் ஆய்வில், மூளையின் முன்பக்கச் சிங்குலேட் பகுதியில் நோயுற்ற வீரருக்கு மட்டுமே திசு இழப்பு தெரிந்தது, சகோதரருக்கு இல்லை.

இந்த வேறுபாடுகளெல்லாம் குழுக்களின் சராசரியில் தெரிபவை. தனி ஒருவரின் ஸ்கேனை வைத்து இந்நோயை உறுதிசெய்ய முடியாது. நோயாளியிடம் பேசித்தான் மருத்துவர் கண்டறிகிறார்.