நெடுந்தூரம் நாள்தோறும் செல்வோர் பழைய கார் வாங்குமுன் அறிய வேண்டுவன

நம் சங்கத்து அங்கத்தினர் இல்லங்களில் இன்று ஒரு புதிய நிலை உருவாகியுள்ளது. தந்தை தறியில் அமர்ந்திருக்கிறார். அல்லது மஞ்சள் வயலில் நிற்கிறார். மகனோ மகளோ நகரத்து ஆலையிலோ, மருத்துவமனையிலோ, கல்லூரியிலோ பணி பெற்றுள்ளனர். நகரில் குடியேறினால் சம்பளத்தின் பெரும்பகுதி வீட்டு வாடகைக்கே போய்விடும். வீட்டில் பாவு பிடிக்கவும், அறுவடைக்கு உதவவும் ஆள் இல்லாது போகும். ஆதலின் ஊரிலேயே இருந்துகொண்டு நாள்தோறும் நகரம் சென்று திரும்புவோர் பலர். அவர்களுள் சிலர், “பழைய கார் ஒன்று வாங்கலாமா? வாங்குவதாயின் எதனைப் பார்க்க வேண்டும்?” என்று நம்மைக் கேட்டுள்ளனர். அவர்களுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒன்றைச் சொல்லிவிடுதல் நலம். பணி நேரத்திற்கு ஏற்ற பேருந்தோ ரயிலோ உள்ளவர்க்குக் கார் வேண்டுவதில்லை. கார் என்பது ஒருமுறை விலை கொடுத்ததும் முடிந்துபோகும் செலவன்று. தினமும் கை நீட்டும் செலவு. இரவுப் பணி, கடைசிப் பேருந்து போன பின் முடியும் பணி, நோயுற்ற பெற்றோரைக் கவனிக்கும் கடமை ஆகியவை உள்ளவர்க்கே அது தேவையாகிறது. அத்தகையோர்க்காகவே மேலே எழுதுகிறோம்.

நாம் அடைந்த நட்டம்

பிறர்க்கு அறிவுரை கூறுமுன் நம் பிழையை ஒப்புக்கொள்வது முறையன்றோ? சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் குடும்பத்து இளைஞர் ஒருவர் நகரில் வேலை கிடைத்ததும் கார் வாங்க விரும்பினார். அவருடைய தாயார் தம் கழுத்துச் சங்கிலியைச் சங்கத்தில் அடகு வைத்துப் பணம் பெற்றார். காரைப் பார்க்க நம்மையும் உடனழைத்தனர். வண்ணம் பளபளத்தது, உள்ளே நறுமணம் வீசியது, விலையும் சந்தையினும் குறைவு. “நல்ல வண்டிதான்” என்று நாமும் தலையசைத்தோம். முதல் மழைக்காலத்தில் விளக்குகள் தாமே எரிந்து அணைந்தன. எஞ்சின் நடுவழியில் நின்றது. மெக்கானிக் தரை விரிப்பைத் தூக்கிக் காட்டினார். அடியில் காய்ந்த வண்டல் படிந்திருந்தது. எங்கோ ஒரு வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அது! பழுது பார்க்கக் கேட்ட தொகை அடகுத் தொகையின் பாதிக்கு மேல். நாற்பது நாள் வண்டி பட்டறையில் கிடக்க, அவ்விளைஞர் விடியற்காலைப் பேருந்திலேயே சென்றார். சங்கிலியை மீட்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

துணியை வாங்குமுன் அதனைத் திருப்பிப் பின்புறம் பார்க்கிறோம். கரையை இழுத்துப் பார்க்கிறோம். விரலி மஞ்சளை உடைத்து உள்நிறம் பாராமல் எவரும் விலை பேசுவதில்லை. காரை மட்டும் மேனி கண்டு வாங்கினோம். அதுவே நம் குற்றம்.

எரிபொருட் கணக்கு

நெடுந்தூரப் பயணத்தில் வாங்கும் விலையினும் ஓட்டும் செலவே பெரிது. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். சத்தியமங்கலத்திலிருந்து புளியம்பட்டி, அன்னூர் வழியாகக் கோவை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சென்று திரும்ப 140; மாதம் 25 நாளுக்கு 3,500; ஆண்டுக்கு 42,000 கிலோமீட்டர். சாதாரணக் குடும்பக் கார் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டரே ஓடும். ஆகவே அக்கார் மூன்றரை ஆண்டில் ஓடும் தூரத்தை இது ஓராண்டில் ஓடிவிடும்.

கணக்கின் வசதிக்காகப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய், சி.என்.ஜி. எரிவாயு கிலோ 90 ரூபாய் எனக் கொள்வோம். சிறிய கார் பெட்ரோலில் லிட்டருக்கு 18, டீசலில் 22, எரிவாயுவில் கிலோவுக்கு 25 கிலோமீட்டர் தரும் எனக் கொண்டால், ஆண்டுச் செலவு வருமாறு:

பெட்ரோல்: சுமார் 2,33,000 ரூபாய்
டீசல்: சுமார் 1,76,000 ரூபாய்
சி.என்.ஜி.: சுமார் 1,51,000 ரூபாய்

பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 57,000 ரூபாய் வேறுபாடு. ஆண்டுக்குப் பதினாயிரம் கிலோமீட்டரே ஓடுபவர்க்கு இவ்வேறுபாடு 14,000 ரூபாயைத் தாண்டாது. அவர் டீசல் காருக்குக் கூடுதல் விலை கொடுத்தல் வீண். நாள்தோறும் 140 கிலோமீட்டர் செல்பவர்க்கோ அது பயன் தரும். அங்கத்தினர்கள் தத்தம் தூரத்தையும் அன்றைய விலையையும் இட்டுத் தாமே கணக்கிட வேண்டும்.

எனினும் டீசலுக்குரிய இடர்களையும் மறத்தலாகாது. இன்ஜெக்டர், டர்போ முதலியவை பழுதானால் செலவு மிகும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின் வந்த டீசல் கார்களில் புகைக்கரியை வடிகட்டும் கருவி உண்டு. அது நெடுஞ்சாலை ஓட்டத்தில் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும், குறுந்தூர ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும். நெடுந்தூரம் செல்பவர்க்கு இதனால் தொல்லை குறைவே. மாருதி நிறுவனம் 2020 இல் டீசல் கார்களைக் கைவிட்டதால், அதன் சிறிய டீசல் கார்கள் அவ்வாண்டுக்கு முற்பட்டனவாகவே கிடைக்கும்.

எரிவாயுக் கார் வாங்குவோர் வழியில் நிரப்பும் நிலையம் உண்டா, அங்கு வரிசை எவ்வளவு நேரம் என்பதை முன்னரே சென்று பார்த்தறிக. உருளையை மூன்றாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும்; அச்சான்றைக் கேட்டு வாங்குக. வெளியிடத்தில் பொருத்திய கருவியாயின் அது ஆர்.சி. யில் பதிவாகியுள்ளதா என்றும் காண்க. பெட்ரோல் கார் வாங்குவோர்க்கும் ஒரு குறிப்பு உண்டு: 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான கார்களுள் பல, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்டவையல்ல. மைலேஜ் சற்றுக் குறையும் என்பதைக் கணக்கில் சேர்த்து, எரிபொருள் குழாய்களையும் பார்க்கச் செய்க.

எந்த வண்டி?

வயது குறைவா, ஓட்டம் குறைவா என்று பலர் கேட்கின்றனர். பத்தாண்டு வயதுடைய, 40,000 கிலோமீட்டரே ஓடிய வண்டியைக் கண்டு மயங்க வேண்டா. நெடுநாள் நின்ற வண்டியில் ரப்பர் குழாய்களும் சீல்களும் டயர்களும் இறுகி வெடித்திருக்கும். ஐந்தாண்டு வயதுடன், 80,000 கிலோமீட்டர் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடி, ஒவ்வொரு சர்வீசுக்கும் ரசீது உள்ள வண்டியே நமக்கு ஏற்றது. 60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியை இன்று வாங்கினால் மூன்றாண்டில் அது 1,86,000 ஆகிவிடும் என்பதையும் நினைவிற்கொண்டு, பின்னர் விற்கும்போது பெரிய விலையை எதிர்பாராதிருக்க வேண்டும்.

உதிரி பாகம் எளிதில் கிடைக்கும் வண்டியையே தேர்க. நம் ஊர்ப் பட்டறையில் கழற்றிப் பூட்டத் தெரிந்த வண்டி எதுவோ அதுவே சிறந்த வண்டி. வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ10 போன்றவை பெருவாரியாக ஓடுவதால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஷெவர்லே கார்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 இல் இங்குத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அவை நல்ல வண்டிகளாக இருக்கலாம், விலையும் மலிவு. ஆனால் ஒரு பாகத்திற்காக ஒரு வாரம் காத்திருந்தால் ஒரு வாரச் சம்பளம் போமே!

நாள்தோறும் நெடுஞ்சாலையில் இரண்டு மூன்று மணி நேரம் இருப்பவர்க்கு உயிர்ப் பாதுகாப்பே முதன்மை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநர்க்குரிய காற்றுப்பை அவ்வாண்டு ஜூலை முதலும் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாயின. கூடுமானவரை அதன்பின் தயாரான வண்டியையே நாடுக. பழையதாயின் இவ்விரண்டும் உள்ள வகையையே தேர்க.

பார்க்கும் முறை

பகலில் சென்று பார்க்க வேண்டும். மழையிலும் இருளிலும் பார்க்கலாகாது. எஞ்சினை முன்னதாக ஓட்டி வைக்க வேண்டா என்று உரிமையாளரிடம் சொல்லிவிடுக. சென்றதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் காரணம் கேட்க. குளிர்ந்த எஞ்சினே தன் குறையை மறையாது காட்டும். புகைக்குழாயில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாது வந்தால் குளிர்நீர் உட்புகுகிறது. கரும்புகை எரிபொருள் சரியாக எரியாமையைக் காட்டும். ஆயில் மூடியின் அடியில் பால்போன்ற குழம்பு ஒட்டியிருந்தால் உடனே திரும்பி விடுக.

வெள்ளத்தில் மூழ்கியதா என்றறியச் சீட் பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்து அதன் முடிவில் சேற்றுக்கறை உண்டா எனப் பார்க்கவும். இருக்கைத் தண்டவாளத்தின் துருவையும், விரிப்பின் அடியையும், ஸ்டெப்னி வைக்கும் குழியையும், விளக்குக் கண்ணாடியின் உட்புற நீர்க்கோட்டையும் காண்க. நாம் பாராமல் விட்டவை இவையே.

ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவோர் உளர். மீட்டர் 40,000 என்று காட்ட, பெடல் ரப்பர் தேய்ந்தும் ஸ்டீயரிங் வழுவழுத்தும் ஓட்டுநர் இருக்கை குழிந்தும் இருந்தால் மீட்டரை நம்பற்க. சர்வீஸ் ரசீதில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்றுண்டு. 2321 என்றிருந்தால் 2021 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். நான்கு டயரையும் மாற்ற வேண்டிய நிலையாயின் அச்செலவை விலையில் குறைக்கச் சொல்லுக.

பின்னர் அரைமணி நேரமேனும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் 80 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறதா, பிரேக் பிடிக்கையில் ஒரு பக்கம் இழுக்கிறதா, மேட்டில் எஞ்சின் இரைந்தும் வண்டி வேகமெடுக்காமல் கிளச்சு வழுக்குகிறதா என்று கவனிக்கவும். இறுதியில், விற்பவர்க்கு வேண்டியவராக இல்லாத மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து வண்டியை உயர்த்திப் பார்க்கச் செய்க. அந்தக் கூலி, தாயின் சங்கிலிக்குக் கட்டும் காப்பீடு எனலாம்.

ஆவணங்கள்

வண்டி நன்றாயினும் தாள்கள் தீதாயின் பயனில்லை. பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணை இட்டு உரிமையாளர், தயாரிப்பு ஆண்டு, காப்பீடு, கடன் அடமானம், அபராதப் பாக்கி ஆகியவற்றைப் பார்க்கவும். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. யோடு ஒத்திருக்க வேண்டும். கடனிருந்தால் அது தீர்ந்ததற்கான கடிதமும் 35 ஆம் படிவமும் வேண்டும். பெயர் மாற்றத்திற்கு 29, 30 ஆம் படிவங்கள். வேறு மாநில வண்டியாயின் 28 ஆம் படிவத்தின்படி தடையின்மைச் சான்று. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும்.

ஒரே மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டுமென்பது 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே காரை விற்கும் அங்கத்தினர்க்கும் இது எச்சரிக்கையாகும். காப்பீட்டையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். பழைய உரிமையாளர் பெற்ற ‘நோ கிளைம் போனஸ்’ சலுகை அவருக்கே உரியது, காரோடு வாராது.

பணம்

கையிலுள்ள தொகை முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடுவதே பலர் செய்யும் தவறு. மூன்று லட்சம் உண்டாயின் இரண்டரை லட்சத்து வண்டியைப் பார்க்க. மீதி, முதல் மாதத்திலேயே ஆயில், வடிகட்டிகள், கூலன்ட், பிரேக் பேட், பேட்டரி ஆகியவற்றுக்கு வேண்டியிருக்கும். ஆண்டுக்கு 42,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குப் பதினாயிரத்துக்கு ஒரு சர்வீசாக ஆண்டுக்கு நான்கு; டயர்களும் ஓராண்டைச் சற்றே தாண்டும். இவற்றுக்கென மாதந்தோறும் ஒரு தொகையைச் சங்கச் சேமிப்பில் தனியே இட்டு வைத்தால், பழுது வரும் நாளில் கடன் வாங்க நேராது.

ஒரே திசையில் பணிக்குச் செல்லும் அங்கத்தினர் இருவர் மூவர் வாரம் ஒருவர் காராக முறைவைத்துச் செல்லுதல் இயலுமாயின், ஒவ்வொரு வண்டியின் தேய்மானமும் மூன்றில் ஒன்றாகக் குறையும். ஆனால் சொந்தக் காரில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுதல் சட்டத்திற்குப் புறம்பு. விபத்து நேரின் காப்பீடும் மறுக்கப்படக் கூடும்.

அவசரமே இவ்வணிகத்தில் பெரும் பகை. “இன்றே முன்பணம் தராவிட்டால் வேறொருவர் கொண்டுபோவார்” என்று எவரேனும் சொன்னால், கொண்டுபோகட்டும் என்று வீடு திரும்புக. நாம் குறிப்பிட்ட அவ்விளைஞர் பின்னர் இரண்டாவது வண்டி வாங்கியபோது பதினோரு வண்டிகளைப் பார்த்துப் பத்தைத் தள்ளினார். அவ்வண்டி இன்றும் ஓடுகிறது; அவர் விடுமுறை நாளில் தந்தையோடு தறியில் அமர்கிறார். வாங்க எண்ணும் அங்கத்தினர்கள் ஆவணங்களோடு சங்க அலுவலகத்திற்கு வந்தால், அவற்றை உடனமர்ந்து படித்துப் பார்க்க நாம் ஆயத்தமாயுள்ளோம். வண்டியைப் பற்றி மட்டும் நம் தலையசைப்பை நம்பாமல், மெக்கானிக்கின் சொல்லைக் கேட்கும்படி வேண்டுகிறோம்.